விரிவாக்கத்தக்க ஆற்றல் சிக்கன உயர்நிலைப் பள்ளிக் கட்டடம்

விரிவாக்கத்தக்க ஆற்றல் சிக்கன உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் என்பது இரண்டு நோக்கங்களை முன்வைத்துத் திட்டமிடப்படும் பள்ளிக் கட்டடம் ஆகும். மாணவர் தொகையும் வகுப்புகளும் கூடும்போது, பழைய பகுதியை இடிக்காமலும் அதன் வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்காமலும் கட்டம் கட்டமாகப் பெரிதாக்க இயல வேண்டும் என்பது முதலாவது. வெளிச்சத்துக்கும் குளிர்ச்சிக்கும் இயன்றவரை மின்சாரத்தைச் சாராதிருக்க வேண்டும் என்பது மற்றது. இவ்விரண்டும் தனித்தனியே எளியவை. ஒன்றாகச் சேரும்போது ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்கள் பல உள்ளன. இக்கட்டுரை தமிழ்நாட்டின் தென்பகுதி வறண்ட சமவெளியை, குறிப்பாக விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே அமைந்துள்ள வன்னியம்பட்டிச் சுற்றுவட்டாரத்தின் நிலையை, அடிப்படையாகக் கொண்டு இவ்வடிவமைப்பை விளக்குகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக 6 முதல் 10 வரையிலான வகுப்புகளைக் கொண்டது. ஊர்ப்புறத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பல புதிதாகத் தொடங்கப்பட்டவை அல்ல. நடுநிலைப் பள்ளியாக இருந்து தரம் உயர்த்தப்பட்டவை. தரம் உயர்ந்ததும் 9 ஆம் வகுப்பும் அடுத்த ஆண்டில் 10 ஆம் வகுப்பும் வந்து சேர்கின்றன. பின்னர் ஊர் மக்களின் கோரிக்கையால் அதே பள்ளி மேல்நிலைப் பள்ளியாகிறது. 1978 இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, அதுவரை வகுப்பறைகளை மட்டுமே கொண்டிருந்த பல பள்ளிகளுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆய்வுக்கூடங்கள் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. ஆகவே இங்கு பள்ளிக் கட்டடம் வளர்வது விதிவிலக்கு அன்று, அதுவே வழக்கம். ஆயினும் பெரும்பாலான கட்டடங்கள் வளரப் போவதில்லை என்ற எண்ணத்துடனேயே கட்டப்படுகின்றன.

1950களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது ஊர் மக்கள் நிலமும் கட்டடமும் தளவாடங்களும் வழங்கினர். இவ்வாறு கிடைத்த இடங்களில் எழுந்த ஓட்டுக் கட்டடங்களைச் சுற்றியே பின்னாளில் புதிய அறைகள் கட்டப்பட்டன. நிதி கிடைக்கும் ஆண்டில் இரண்டு அறை, மற்றோர் ஆண்டில் மூன்று அறை என்று, திறந்திருந்த இடத்தில் அவை சேர்க்கப்பட்டன. இதன் விளைவைப் பல ஊர்களில் காணலாம். முதல் வரிசையின் சன்னல்களுக்கு நேர் முன்னே இரண்டாம் வரிசையின் பின்சுவர் நிற்கும். முதல் வரிசையில் பகலிலும் விளக்கு எரியும்.

இந்த வடிவமைப்பில் பாதுகாப்பும் அடங்கும். 2004 ஆம் ஆண்டு சூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் பின்னர் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் தடை செய்யப்பட்டன. அந்த முடிவு சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீற்று, வெப்பத்தைத் தடுப்பதில் மிகச் சிறந்த கூரைப் பொருள்களுள் ஒன்று. அதனிடத்தில் வந்த கல்நார்த் தகடும் இரும்புத் தகடும் வெறும் கற்காரைத் தளமும் தீயிலிருந்து காத்தனவேயன்றி வெயிலிலிருந்து காக்கவில்லை. 2021 டிசம்பர் 17 இல் திருநெல்வேலியில் பள்ளி ஒன்றின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததைத் தொடர்ந்து மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுத்து இடிக்கப்பட்டன. 2022-23 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் அரசுப் பள்ளிகளை மேம்படுத்தும் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய அளவில் அறைகள் கட்டப்படும்போது, ஒவ்வொன்றும் அடுத்த ஐம்பது ஆண்டு வெயிலை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பது சிறு கேள்வி அன்று.

வெப்பத்துக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு குறித்து அளவீடுகள் உள்ளன. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வொன்று, குளிரூட்டி இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் வெப்பநிலை 1 பாகை பாரன்ஃகைட்டு கூடினால் அவ்வாண்டின் கற்றல் ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. தமிழ்நாட்டில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே வெயில் ஏறும் மாதங்களும் ஆகும்.

இடமும் காலநிலையும்

வன்னியம்பட்டி ஏறத்தாழ 9.5 பாகை வடக்கு அகலாங்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரச் சமவெளியில் உள்ளது. மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு குறைவு; அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. மாவட்டத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். மழை குறைவாயினும் தென்மேற்குப் பருவத்தில் மலைக்கணவாய்கள் வழியே வரும் மேல்காற்று வலுவானது. ஆடி மாதத்தில் கூரைத் தகடுகளைப் பெயர்க்கும் அளவுக்கும் வீசுவதுண்டு.

மலையடிவாரத்தில் செம்மண்ணும், கிழக்கே சாத்தூர், சிவகாசி நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் மண்ணும் மிகுதி. கட்டடத்துக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற கடைக்கால் இட்ட சுவர்கள் அதில் மூலைவாட்டில் விரிசல் காண்பது வழக்கம். இத்தகைய மண்ணுக்கென உருர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற துளைத்தூண் கடைக்கால் பொருத்தமானது. செம்மண் நிலத்தில் வழக்கமான தனித்தூண் கடைக்காலே போதும். மேலும் செம்மண்ணைச் சிறிதளவு சிமெண்டுடன் கலந்து அழுத்திச் செய்யும் மண்கற்களைச் சுவருக்குப் பயன்படுத்தலாம். ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனம் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி வருகிறது. கரிசல் மண் இதற்கு ஏற்றதன்று. அங்கு தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் உலைச்சாம்பலில் செய்யப்படும் கற்களோ நாட்டுச் செங்கல்லோ கைக்கொள்ளத்தக்கவை.

திசையமைப்பும் நிழலும்

இந்த அகலாங்கில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகத்து இறுதியிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கிறது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது வடபுறமாகவும், எஞ்சிய மாதங்களில் தென்புறமாகவும் சாய்ந்து செல்கிறது. நண்பகலில் அடிவானத்திலிருந்து அதன் உயரம் சூன் 21 அன்று வடக்கே ஏறத்தாழ 76 பாகை. டிசம்பர் 21 அன்று தெற்கே ஏறத்தாழ 57 பாகை. வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு நிழல் தருவது எளிது என்பது இதனால் விளங்கும். நான்கடி உயரச் சன்னலுக்கு நண்பகல் வெயிலைத் தடுக்க வடபுறம் ஓரடி அகல நிழல்தட்டு போதும். தென்புறம் இரண்டரை அடிக்குச் சற்று மேல் வேண்டும். கொத்தனார்கள் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவாக வைக்கும் இரண்டடிச் சன்சேடு வடக்கே தேவைக்கு மிகுதி, தெற்கே குறைவு.

கிழக்கு, மேற்குச் சுவர்களை நிழல்தட்டால் காக்க இயலாது. காலை மாலை ஞாயிறு தாழ்வாக, ஏறத்தாழக் கிடையாகவே சுவரில் அடிக்கிறது. எனவே வகுப்பறை வரிசையின் நீளவாட்டு கிழக்கு மேற்காகவும், சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் மட்டுமே இருக்குமாறும் அமைப்பது முதல் விதி. தாழ்வாரம் தென்புறம் வருவது நல்லது. ஆறு அல்லது ஏழடி அகலத் தாழ்வாரம், டிசம்பர், சனவரி மாதங்களில் தாழ்ந்து வரும் தென்வெயிலை முழுவதுமாகத் தடுத்துவிடும். வடபுறச் சன்னல்களுக்கு ஓரடி நிழல்தட்டுடன், சூன் மாதக் காலை மாலை வெயிலைத் தடுக்கப் பக்கவாட்டில் சிறு செங்குத்துச் சிறகுச் சுவர்களும் தேவை.

நீளவாட்டு கிழக்கு மேற்காக இருந்தால் மேல்காற்று சுவருக்கு இணையாகச் சென்றுவிடாதா என்ற கேள்வி எழும். காற்று எப்போதும் நேர்மேற்கிலிருந்து வீசுவதில்லை. சாய்வாக வரும் காற்றை மேற்கண்ட சிறகுச் சுவர்களே அறைக்குள் திருப்பிவிடும். வெயிலைத் திருப்ப அப்படியொரு வழி கிடையாது. ஆகவே முரண்பாடு வரும் இடத்தில் வெயிலின் திசைக்கே முதலிடம் தரப்படுகிறது.

கூரை

நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நிலப்பகுதியில் ஒரு மாடிக் கட்டடம் பெறும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகவே வருகிறது. பாசியும் தூசியும் படிந்த கற்காரைத் தளத்தின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். ஐந்து அங்குலக் கற்காரை அவ்வெப்பத்தை மூன்று நான்கு மணி நேரத்தில் உட்புறத்துக்குக் கடத்துகிறது. அதாவது நண்பகல் வெப்பம் பிற்பகல் மூன்று மணியளவில், பிள்ளைகள் இன்னும் வகுப்பில் இருக்கும்போதே, தலைக்கு மேலிருந்து கதிர்வீச்சாக இறங்குகிறது. மின்விசிறி அச்சூடான காற்றைக் கீழே தள்ளுவதைத் தவிர அதிகம் செய்ய இயலாது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள ஒரு வேறுபாடு இங்கு கருதத்தக்கது. பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளியிடும் கனத்த கூரை வீட்டுக்கு ஆகாது. பள்ளியோ மாலை நாலரை மணிக்குள் காலியாகிவிடும். வெப்பம் ஏழெட்டு மணி நேரம் தாமதித்து இரவில் உள்ளே இறங்கினால் யாருக்கும் துன்பமில்லை. எனவே வெப்பத்திணிவு மிகுந்த கூரையும் சுவரும் பள்ளிக்கு இயல்பாகவே பொருந்துபவை. பழைய மெட்ராசு ஒட்டுத் தளங்களின் கீழ் அமைந்த பள்ளி அறைகள் பிற்பகலிலும் குளுமையாக இருப்பதற்கு அவற்றின் தடிமனும் உயரமுமே காரணம்.

தமிழ்நாட்டில் கற்காரைத் தளத்தின் மேல் செங்கல் சல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலம் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. இது மழைநீரையும் தடுக்கும், வெப்பத்தையும் தாமதப்படுத்தும். ஆனால் விரிவாக்கத்தக்க கட்டடத்தில் இங்குதான் முதற்பெரும் சிக்கல் எழுகிறது. பின்னர் மேல்தளம் கட்டும்போது சல்லித் தளத்தையும் தட்டோட்டையும் உடைத்து அகற்ற வேண்டும். "மேலே கட்டத்தானே போகிறோம்" என்று அவற்றை இடாமலே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. மேல்தளத்துக்கு நிதி வரப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை வெறும் தளத்தின் கீழ் பிள்ளைகள் வெந்து கிடக்கின்றனர், தளமும் ஒழுகத் தொடங்குகிறது.

இதற்குச் சிறந்த தீர்வு, கழற்றக்கூடிய இரண்டாவது கூரை ஆகும். நீர் புகாமல் பூசப்பட்ட கற்காரைத் தளத்துக்கு மேல் மூன்று நான்கடி உயரத்தில் குட்டைத் தூண்களின் மேல் தகடு வேய்ந்தால், தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் ஓடும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லும். கீழுள்ள தளம் நாள் முழுவதும் நிழலில் இருக்கும். மேல்தளம் கட்டியதும் அதே தகடுகளையும் சட்டங்களையும் மேலே ஏற்றிப் பொருத்தலாம். ஆடிக் காற்றைக் கருதி இவை கொக்கி ஆணிகளால் நெருக்கமாகப் பிணைக்கப்படவும், ஓரங்கள் கைபிடிச் சுவருக்கு வெளியே அதிகம் நீளாதிருக்கவும் வேண்டும். இரண்டாம் கூரைக்குப் பணம் இல்லாத இடத்தில் மிகக் குறைந்த செலவுள்ள வழி வெள்ளையடித்தல். புதிய சுண்ணாம்புப் பூச்சு ஞாயிற்றொளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் அதைத் திரும்பப் பூச வேண்டும் என்பதே அதன் குறை. வெள்ளை ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பது நீடித்த பயன் தரும், ஆனால் மேல்தளம் கட்டும்போது அதையும் உடைக்க நேரும்.

பகலொளியும் காற்றோட்டமும்

சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தொலைவு வரையே பயன்படத்தக்க பகலொளி அறைக்குள் செல்லும். தமிழ்நாட்டில் வழக்கிலுள்ள வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. நிலைச்சட்டத்தின் உயரம் ஏழடி. எனவே ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்தால் எதிர்ச்சுவரோரம் அமர்ந்திருப்போருக்குக் கரும்பலகை தெரியுமேயன்றி நோட்டு தெரியாது. இரு பக்கமும் சன்னல் இருப்பின் இக்குறை நீங்கும். அதற்கு, நடுவில் நடைகூடமும் இரு புறமும் அறைகளுமாக அமைக்காமல், ஒரே வரிசை அறைகளும் ஒரு பக்கத் தாழ்வாரமுமாக அமைக்க வேண்டும். தாழ்வாரப் பக்கத்துச் சன்னல்களுக்கு ஒளி குறையுமாதலால், தாழ்வாரக் கூரையைத் தாழ்த்தி அதற்கு மேல் அறைச்சுவரில் மேல்சாளரங்கள் வைப்பது நல்ல முறை. கட்டடம் மாடி பெறும்போது கீழ்த்தளத்தில் இவை மறைந்துவிடாதபடி மேல்தளத் தாழ்வாரத்தின் மட்டம் முதலிலேயே முடிவு செய்யப்பட வேண்டும்.

கரும்பலகையைக் கிழக்கு அல்லது மேற்குச் சுவரில் வைத்தால் மாணவரின் இடப்புறமோ வலப்புறமோ சன்னல் வரும். பலகையில் கூச்சமும் நேராது. வகுப்பறைக்கு 150 முதல் 300 லக்சு ஒளிர்வு போதுமானது. மேகமூட்டமற்ற நாள்களில் மேற்கண்ட அமைப்பில் காலை முதல் மாலை வரை விளக்கின்றியே இது கிடைக்கும்.

கனத்த சுவரும் கூரையும் பயன்தர வேண்டுமானால் இரவில் குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். ஆனால் பள்ளி மாலையில் பூட்டப்படுகிறது, சன்னல்களும் சாத்தப்படுகின்றன. அதனால் சேர்ந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் மறுநாள் காலை அறை வெக்கையுடன் திறக்கிறது. சன்னலுக்கு மேலும் தரையோரத்திலும் கதவில்லாத, கம்பி வலை அடித்த செங்கல் சல்லடைத் துளைகளை வைப்பதால் இது தீரும். செலவில்லாத இந்த ஏற்பாடு புதிய கட்டடங்களில் அரிதாகவே காணப்படுவது வியப்புக்குரியது.

விரிவாக்கம்

ஒரு பிரிவு மட்டும் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து வகுப்பறைகள் வேண்டும். வகுப்புக்கு இரு பிரிவுகளானால் பத்து. மேல்நிலைப் பள்ளியானால் பாடப்பிரிவுகளைப் பொறுத்து மேலும் நான்கு முதல் ஆறு அறைகளும் ஆய்வுக்கூடங்களும் சேரும். இறுதி நிலையின் வரைபடம் முதலில் வரையப்பட்டு, அதிலிருந்து முதற்கட்டம் வெட்டி எடுக்கப்பட வேண்டும். தலைகீழாகச் செய்யும்போதே பள்ளிகள் நெரிசலாகின்றன.

கிடைவாட்டில் விரிவது, மேல்நோக்கி விரிவது என இரு வழிகள் உள்ளன. ஊர்ப்புறத்தில் இடம் கிடைப்பதால் முதலில் கிடைவாட்டு விரிவே விரும்பத்தக்கது. கட்டும்போது வகுப்புகளுக்கு இடையூறு குறைவு, மாடிப்படி தேவையில்லை, நடக்க இயலாத மாணவரும் எல்லா அறைகளுக்கும் செல்லலாம். 'ப' வடிவிலும் 'ட' வடிவிலும் பள்ளிகளைக் கட்டும் வழக்கம் நடுவே முற்றம் தந்தாலும், வடக்கு தெற்காக நீளும் கையில் உள்ள அறைகளின் சன்னல்கள் கிழக்கும் மேற்கும் நோக்கி அமைந்துவிடுகின்றன. அக்கையில் வகுப்பறைகளை வைக்காமல் பண்டக அறை, அலுவலகம், படிக்கட்டு ஆகியவற்றை வைத்தால் 'ப' வடிவம் ஏற்புடையதே. இல்லையேல் இணையான இரண்டு வரிசைகள் மேல். இரு வரிசைகளுக்கும் இடையே, கட்டடத்தின் இறுதி உயரத்தைப் போல் இருமடங்கு, அதாவது இரண்டு மாடிக்கு ஏறத்தாழ 50 அடி, இடைவெளி விடப்பட வேண்டும். இன்றைய உயரத்தைக் கொண்டு இடைவெளியைக் கணிப்பது பொதுவான தவறு.

ஒவ்வொரு வரிசைக்கும் வளரும் முனை ஒன்றும் மூடிய முனை ஒன்றும் குறிக்கப்பட வேண்டும். மேற்கு முனையைப் படிக்கட்டு, பண்டக அறை, கழிவறை ஆகியவற்றால் மூடினால் கொடிய பிற்பகல் வெயில் வகுப்பறைச் சுவரில் படாது. கிழக்கு முனை வளரும் முனையாக விடப்பட்டு, அதன் கடைசிச் சுவர் பளு தாங்காத வெறும் மறைப்புச் சுவராகக் கட்டப்படும். அங்கு கிணறு, கழிவுநீர்த் தொட்டி, கொடிக்கம்ப மேடை போன்றவை வரக்கூடாது. இது எளிய விதிபோல் தோன்றினாலும் நடைமுறையில் மீறப்படுவது இதுவே. நன்கொடையாளர் ஒருவர் தரும் மேடையோ தண்ணீர்த் தொட்டியோ பெரும்பாலும் காலியாகத் தெரியும் இடத்திலேயே அமைகிறது.

பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒட்டிக் கட்டப்படக் கூடாது. பழைய கடைக்கால் மண்ணில் அமர்ந்து முடிந்திருக்கும், புதியது இனித்தான் அமரும். இரண்டையும் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் உறுதி. ஏறத்தாழ ஓரங்குல இடைவெளி விட்டு, தனித் தூண்களின் மேல் புதிய பகுதியை எழுப்பி, இடைவெளியை நெகிழும் பொருளால் அடைத்துத் தகட்டால் மூட வேண்டும். வெப்பத்தால் கற்காரை நீள்வதற்கும் இவ்விடைவெளியே இடந்தருகிறது. 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடங்களுக்கு விரிவு இடைவெளி தேவை என்பது இந்தியத் தரநிர்ணய விதியாகும்.

மேல்நோக்கி விரிய வேண்டுமானால் கடைக்காலும் தூண்களும் இறுதி மாடிகளின் எடைக்கு முதலிலேயே கணக்கிடப்பட வேண்டும். பின்னர் வலுவூட்டுவது, தொடக்கத்தில் சேர்த்துக் கட்டுவதைவிடப் பன்மடங்கு கடினம். எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டது என்பதைத் தலைமை ஆசிரியர் அறையில் சட்டமிட்டு மாட்டும் வழக்கம் இருந்தால் நல்லது. பதினைந்து ஆண்டு கழித்து வரும் பொறியாளருக்கு அந்த ஒரு வரி கிடைக்காததால் கட்டாமல் விடப்படும் மாடிகளும் உண்டு, துணிந்து கட்டப்படும் மாடிகளும் உண்டு. இரண்டாவது வகை ஆபத்தானது.

தூண்களின் கம்பிகளை மேல்தளத்துக்கென நீட்டி விட்டுவைப்பது தமிழ்நாடெங்கும் காணப்படும் காட்சி. மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கீழே உள்ள தூணின் தலையையும் பிளக்கிறது. கம்பிகளைச் சிமெண்டுக் குழம்பு பூசி, எளிதில் உடைக்கத்தக்க மெலிந்த கலவையால் குட்டைத் தூணாக மூடிவைப்பதே முறை. முன்னர்க் கூறிய இரண்டாவது கூரையின் தூண்கள் இக்குட்டைத் தூண்களின் மேலேயே நிற்கலாம். ஒரே செலவில் இரு பயன்.

மாடி எழும்போது கீழ்த்தள அறைகளுக்கு ஒரு நன்மை விளைகிறது. அவற்றின் கூரை வெயிலிலிருந்து விலகுவதால் அவை பள்ளியிலேயே குளிர்ந்த அறைகளாகின்றன. நாள் முழுதும் ஒரே அறையில் இருக்கும் வகுப்புகளைக் கீழேயும், ஒரு பாடவேளை மட்டும் பயன்படும் ஆய்வுக்கூடம், கணினி அறை, நூலகம் போன்றவற்றை மேலேயும் வைப்பது இதனால் பொருத்தமாகும். மாடி வந்தவுடன் இரு படிக்கட்டுகள் கட்டாயம். கும்பகோணத்தில் பிள்ளைகள் வெளியேற இருந்த குறுகிய வழியே உயிரிழப்பு பெருகக் காரணமானது.

அறைகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் பளு தாங்காதவையாக இருந்தால், ஒன்றரை அறையைச் சேர்த்து ஆய்வுக்கூடம் ஆக்கலாம். இரண்டை இணைத்துத் தேர்வுக்கூடம் ஆக்கலாம். தூண்களைப் பத்தடிக்கு ஒன்றாக நிறுத்தும் கட்டம் இதற்கு ஏற்றது.

மின்சாரம்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டு, மின்விசிறியை நம்பிய வகுப்பறை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியது. நான்கு பழைய வகை மின்விசிறிகளும் (தலா 75 வாட்டு) நான்கு குழல்விளக்குகளும் (அடைப்பானுடன் தலா ஏறத்தாழ 50 வாட்டு) கொண்ட அறையின் தேவை 500 வாட்டு. அவற்றை 30 வாட்டு மின்விசிறிகளாலும் 20 வாட்டு எல்.இ.டி. விளக்குகளாலும் மாற்றினால் 200 வாட்டு. பத்து அறைகளில் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம், ஆண்டுக்கு 210 நாள் என்று கொண்டால், ஆண்டுத் தேவை 7,350 அலகிலிருந்து 2,940 அலகாகக் குறையும். ஒரு கிலோவாட்டுச் சூரிய மின்தகடு இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 அலகு தரக்கூடியது. ஆகவே இரண்டு கிலோவாட்டு அமைப்பும், அதற்கு வேண்டிய 20 சதுர மீட்டர் கூரையும் ஏறத்தாழப் போதும். பகலொளியைச் சரிவரப் பயன்படுத்தினால் இதுவும் மிகுதியே. தகடுகளை முதலில் வாங்கிவிட்டுப் பழைய விசிறிகளை அப்படியே ஓட்டுவது வீண் செலவு.

விரிவாக்கத்தைக் கருதி, முதன்மை மின்பலகையில் காலி இடங்களும், தாழ்வாரம் நெடுகக் கம்பியில்லாத வெற்றுக் குழாய்களும் விடப்படுகின்றன. இந்திய அரசின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (2007, திருத்தம் 2017) 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை கொண்ட கட்டடங்களுக்கே பொருந்துவதால், ஊர்ப்புறப் பள்ளிகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. எவரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் இவற்றைச் செய்வது வரைபவரின் பொறுப்பாகவே உள்ளது.

நீர், சமையற்கூடம், மரங்கள்

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து அறைகளும் தாழ்வாரமும் சேர்ந்து 230 சதுர மீட்டர் கூரையிருப்பின், 800 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானது போக, ஆண்டுக்கு 1.4 இலட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதில் பெரும்பகுதி மூன்று மாதங்களில் வந்துவிடுவதால், தொட்டியில் ஒரு பகுதியும் கிணற்றில் மீதியும் விடப்பட வேண்டும். கரிசல் நிலத்தில் இந்நீரைக் கடைக்காலுக்கு அருகில் இறக்கக் கூடாது.

சத்துணவுச் சமையற்கூடம் வகுப்பறைகளிலிருந்து விலகித் தனிக் கட்டடமாக இருக்க வேண்டும். ஆண்டின் ஒரு பாதி மேற்கிலிருந்தும் மற்றொரு காலம் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுவதால், புகை வகுப்புகளின் பக்கம் வராத மூலை தென்கிழக்கு. மனையடி சாத்திரம் அடுப்புக்குச் சொல்லும் அக்கினி மூலையும் அதுவே என்பதால் ஊரில் இதற்கு மறுப்பு எழுவதில்லை.

வளரும் கிழக்கு முனையில் சுவரை மறைக்க வேம்பும் புங்கையும் நடலாம். ஆனால் அடுத்த கட்டத்துக்கான நிலத்தைத் தாண்டி நட வேண்டும். வளர்ந்த மரத்தை வெட்டிக் கட்டுவதைவிட மரத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைத் தவறான இடத்தில் வைப்பதே பெரும்பாலும் நிகழ்கிறது.

பிற எடுத்துக்காட்டுகள்

புதுச்சேரியில் அந்தோனின் இரேமண்டு வடிவமைத்து 1930களின் பிற்பகுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட கோல்கொண்டா விடுதி, பள்ளி அன்றெனினும், இப்பகுதிக்கு மிக நெருங்கிய முன்மாதிரி. வடக்கும் தெற்கும் முழுவதும் திறக்கும் அசையும் தகட்டுப் பலகைகள், கற்காரைத் தளத்துக்கு மேல் காற்றிடைவெளி விட்டு அமைந்த வளைவோட்டு இரண்டாம் கூரை ஆகியன அதன் சிறப்புகள்.

இலடாக்கில் சே என்னும் ஊரிலுள்ள துருக் பத்ம கர்ப்போ பள்ளி முழுத் திட்டம் முன்னரே வரையப்பட்டு, 2001 இல் மழலையர் பிரிவுடன் திறக்கப்பட்டு, நிதி கிடைக்கக் கிடைக்கக் கட்டம் கட்டமாக வளர்ந்தது. அங்கு சிக்கல் வெயில் அன்று, குளிர். வகுப்பறைகள் ஞாயிற்று வெப்பத்தை வாங்கித் தேக்கும்படி அமைந்தவை. காலநிலை நேர்மாறாயினும் விரிவாக்க முறை பின்பற்றத்தக்கது.

புர்க்கினா பாசோ நாட்டின் காந்தோ என்ற சிற்றூரில் பிரான்சிசு கெரே வடிவமைத்த தொடக்கப் பள்ளி (2001) வெப்ப நிலத்துக்கான எடுத்துக்காட்டு. ஊர் மண்ணில் அழுத்திச் செய்த கற்களால் சுவரும் உட்கூரையும், அதற்கு மேல் இரும்புச் சட்டங்களில் உயர்த்தி நிறுத்தப்பட்ட தகட்டுக் கூரையும் கொண்டது. ஊர் மக்களே கட்டுமானத்தில் பங்கேற்றனர். 2004 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற இப்பள்ளிக்கு, மாணவர் பெருகியதால் 2008 இல் விரிவாக்கக் கட்டடம் எழுப்பப்பட்டது. கெரே 2022 இல் பிரிட்சுக்கர் பரிசு பெற்றார். உயர்த்திய தகட்டுக் கூரைக்கு வேண்டிய பொருளும் பற்றவைப்போரும் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் எளிதில் கிடைக்கக்கூடியவையே.